வாசகர் கேள்வி: தாளில் கருகும் காட்டுக் காசித்தும்பை

கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவி: சோலை ஓரத்தில் எடுத்த காசித்தும்பையை மற்றச் செடிகளோடு, செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் வைத்தேன். இலை உதிர்ந்து, தண்டு கறுத்து, பூ தாளோடு ஒட்டிப்போனது. எங்கே தவறு?

தண்டு முழுக்கத் தண்ணீர். பிரஸ்ஸுக்குள் போன பிறகும் செடி சில நாள் உயிரோடிருக்கும். இலையைக் கழற்றிவிடுவது அப்போதுதான். பூவை விட்டுவிட்டு, தண்டையும் இலையையும் கொதிநீரில் சில விநாடி முக்கி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். தடித்த தண்டை பிளேடால் நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் செய்தித்தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மலையில் செய்தித்தாளே ஈரமாகத்தான் இருக்கும். அதனால் அடுக்குகளுக்கு நடுவே நெளி அட்டை வைத்து, 40–45 டிகிரி வெதுவெதுப்பான காற்று ஓடும்படி செய்யுங்கள். சூடு அதற்கு மேல் போனால் செடி வெந்து கறுக்கும். காயக் காயச் செடி சுருங்கும், பிரஸ்ஸைக் கட்டிய வார் தளரும். தினமும் இறுக்காவிட்டால் இலை சுருண்டுவிடும்.

பூவைச் செடியோடு அப்படியே அழுத்தவே கூடாது. இனத்தைச் சொல்வது பூதான்: வால் நீண்ட கீழ்ப்புல்லி, இரண்டோ நான்கோ சிறிய பக்கப் புல்லிகள், மேலிதழ், இருபுறமும் இரண்டிரண்டாக ஒட்டிய சிறகிதழ்கள். நசுங்கினால் எல்லாம் ஒரே படலம். எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அதே செடியில் ஐந்தாறு பூக்கள் கூடுதலாக எடுங்கள். இரண்டை அங்கேயே பிரித்து, உறுப்புகளைத் தனித்தனியாக டிஷ்யூ பேப்பரில் பரப்புங்கள். பிரிக்காத பூக்களில் ஒன்றைப் பக்கவாட்டிலும் இன்னொன்றை முன்முகமாகவும் வையுங்கள். செய்தித்தாளை மாற்றும்போது டிஷ்யூவை உரிக்காதீர்கள், பிய்ந்துவிடும். மீதிப் பூக்கள் 70 சதவீத ஆல்கஹாலில், சின்னக் குப்பியில். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிடும். தாளுக்கும் குப்பிக்கும் ஒரே எண்.

நிறம் இரண்டிலுமே நிற்காது. தொண்டையில் மஞ்சள் பொட்டு இருந்ததா, வால் என்ன நிறம் என்பதைப் பறித்த இடத்திலேயே குறியுங்கள். ஈரப்பாறையில் தரையோடு இலை விரிக்கும் இம்பேஷியன்ஸ் ஸ்கேபிஃபுளோரா போன்ற காசித்தும்பை இனங்களைக் கிழங்கோடுதான் எடுக்க வேண்டும். நிறைய இருக்கும் இடத்தில் மட்டும்.

கொடைக்கானலிலிருந்து: பழைய ஹெர்பேரியம் (உலர்செடித் தொகுப்பு) தாளில் அப்பளமாகிக் கிடக்கும் பூவை ஆராய வழி உண்டா?

உண்டு. 1911இல் காலமான ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கடைசிக் காலத்தில் காசித்தும்பைக் குடும்பத்தோடுதான் மல்லுக்கட்டினார். காய்ந்த பூவை நனைத்துப் பிரித்துப் படம் வரைவதே பெரும்பாடு. பொறுப்பாளர் அனுமதியோடு ஒரே ஒரு பூவை எடுத்து, ஒரு துளி சோப்பு கலந்த வெந்நீரில் சில நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டே ஊசியாலும் மெல்லிய தூரிகையாலும் பிரியுங்கள். வெளியே எடுத்தால் மறுபடி ஒட்டும். வரைந்ததும் உலர்த்தி, சிறு காகித உறையிலிட்டு அதே தாளில் சேர்த்துவிடுங்கள். பழைய தாள்களில் பூச்சிக்காகப் பாதரச உப்பு பூசியிருக்கலாம்; கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

குன்னூரிலிருந்து: ஒப்பிட்டுப் பார்க்கத் தாள்கள் எங்கே?

கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல ஹெர்பேரியம். பழனி மலைச் செடிகளுக்குத் திருச்சி ரேபினட் ஹெர்பேரியம். காட்டில் புதிதாகப் பறிப்பதென்றால் முதலில் வனத்துறை அனுமதி.