புதிய பாக்டீரியா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: கன்னி ஆடுகள் வளர்க்கிறேன். ஆடுகளில் புதிய பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் செய்தியில் படித்தேன். அது புதியது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? சளி பிடித்துச் சாகும் என் ஆடுகளிலும் அப்படி ஏதேனும் இருக்குமா?
– ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: ஆட்டின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியை, இரத்தம் கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழ்த் தட்டில் தேய்த்து உடல் வெப்பத்தில் வைத்தால், மறுநாள் குண்டூசித் தலையளவுப் புள்ளிகளாகப் பாக்டீரியாக் கூட்டங்கள் தென்படும், சிலவற்றைச் சுற்றி, இரத்த அணுக்கள் கரைந்து வெளிறிய வளையம் ஒன்றும் தெரியும். இந்தத் தோற்றமும், சாயம் ஏற்றிப் பார்ப்பதும், எந்தச் சர்க்கரையைச் செரிக்கிறது என்ற சோதனையும் உறவினர் யார் என்று காட்டுமே தவிர, புதியது என்று நிறுவப் போதா.

அடுத்து, எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருக்கும், ஏறத்தாழ 1,500 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட 16எஸ் என்ற மரபணுவைப் படிக்கிறார்கள். அறியப்பட்ட நெருங்கிய சிற்றினத்தோடு ஒற்றுமை சுமார் 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், புதியதாக இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. அதற்கு மேல் இருந்தால் இரண்டும் ஒன்று என்றும் சொல்லிவிட முடியாது. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமிக்கும், சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கும் இந்த மரபணு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95–96 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மட்டுமே தனிச் சிற்றினம் என்கிறார்கள். அதன் பிறகும், ஆய்வகத்தில் வளர்த்த அந்தப் பாக்டீரியாவை உயிரோடு இரு வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒப்படைத்தால்தான் பெயர் முறைப்படி ஏற்கப்படும். நம் நாட்டில் சண்டிகரில் அத்தகைய சேமிப்பகம் உண்டு. இந்த விதியையே நான் மிகவும் மதிக்கிறேன். ஐயப்படும் எவரும் அதே கிருமியை வரவழைத்துச் சோதிக்கலாம் அல்லவா?

புதியது என்றால் நேற்று தோன்றியது என்று பொருளல்ல. ஆடுமாடுகளின் நுரையீரல் அழற்சிக்குக் காரணமான பாஸ்டுரெல்லா ஹீமோலிட்டிகா, 1999-இல் மன்ஹைமியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பெயர்தான் புதிது, நோய் அதே நோய்தான்.

உங்கள் ஆடுகளில் பெரும்பாலும் பாஸ்டுரெல்லா, மன்ஹைமியா, மைக்கோபிளாஸ்மா போன்ற பழகிய கிருமிகளோ, வைரசால் வரும் ஆட்டுக்கொல்லி நோயோதான் இருக்கக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் எடுத்தால் கிருமி தட்டில் வளராமலே போகலாம். திருநெல்வேலி அருகே இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் அணுகலாம். திடீரென இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்திருந்தால், அடைப்பானாக இருக்கக்கூடுமாதலால், அதை அறுக்காமலும் தோலை உரிக்காமலும் உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.