கோழியைக் கொன்றது கீரியா, மரநாயா?

கேள்வி: சென்ற வாரம் ஒரே இரவில் எங்கள் கூட்டிலிருந்த ஆறு கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன, ஒன்றை மட்டுமே தின்றிருந்தது. கீரியின் வேலை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆங்கிலக் கதைகள் படிக்கும் என் பேத்தியோ 'வீசல்' என்கிறாள். அகராதியில் அச்சொல்லுக்கு மரநாய் என்றிருக்கிறது. எது சரி?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: வீசல் நம் பக்கத்து விலங்கே அன்று. குளிர்நாடுகளில் வாழும் அதற்குத் தமிழில் பெயர் வைக்கும் தேவை எழாததால், அகராதிக்காரர்கள் கைக்குக் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டார்கள். ஊனுண்ணிகளிலேயே மிகச் சிறியது, அதிலொரு வகை. பெண் விலங்கு 50 கிராம்கூடத் தேறாமல் இருப்பதுண்டு. தலை நுழைந்த பொந்தில் உடலும் நுழைந்துவிடும் என்பதால் எலியை அதன் வளைக்குள்ளேயே துரத்திப் பிடிக்கிறது. ஆனால் அந்த ஒல்லி உடம்பில் சூடு தங்காது. அதை ஈடுகட்ட நாள்தோறும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தின்றாக வேண்டியிருப்பதால், அகப்பட்டதையெல்லாம் பிடரியில் கடித்துக் கொன்று, மிச்சத்தைப் பதுக்கி வைக்கும்.

கீரியும் வீசலும் நீண்ட உடலும் குட்டைக் காலுமாக ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும், வளையில் புகுந்து இரை தேடும் தொழிலால் வந்த ஒற்றுமைதான் அது; வீசல் நாய், கரடி ஆகியவற்றின் கிளையையும், கீரியும் மரநாயும் பூனையின் கிளையையும் சேர்ந்தவை.

இனி உங்கள் கோழிகள். கீரி பகலில் இரை தேடி இரவில் வளையில் உறங்குவது. ஆகவே அதன்மீது பழி போடுவது நியாயமில்லை. என் சந்தேகம் மரநாய் மீதும் காட்டுப்பூனை மீதும்தான். மதில் மேலோ ஓட்டுக் கூரையிலோ பழ விதைகள் செறிந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் வந்து போனது மரநாய். வெட்டவெளியில் ஒரு கோழி பிடிபட்டால் மற்றவை சிதறிப் பறந்துவிடும். அடைபட்ட கூட்டிலோ அவை கண்முன்னே படபடத்துக்கொண்டே இருப்பதால், பசி தீர்ந்த பின்னும் வேட்டை விலங்கின் வாய் ஓய்வதில்லை. பொறி வைத்துவிடாதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நெருக்கமான கம்பிவலை போதும்.

கேள்வி: நீர்நாய் நாய் இனமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: இல்லை, மேலே சொன்ன வீசலின் குடும்பம். சங்கப் பாடல்களில் வாளை மீனை இரையாகப் பெறும் இந்த விலங்கு, இன்றும் காவிரியில் கூட்டமாக மீன் வேட்டையாடுகிறது.