பழைய 7 சீட்டர் வாங்கும்போது: கிறிஸ்டாவா, எர்டிகாவா, கேரன்ஸா?

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேர். மாதம் 800 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடாது. பாதி ஊருக்குள், மீதி பழனி, மதுரை, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கொடைக்கானல். 12 லட்சத்துக்குள் மூன்று பழைய வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறோம்: 2017 இன்னோவா கிறிஸ்டா 2.4 டீசல் மேனுவல் (1.4 லட்சம் கி.மீ. ஓடியது), 2021 எர்டிகா பெட்ரோல் மேனுவல், 2022 கேரன்ஸ் 1.4 டர்போ டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). வாங்கினால் ஏழு வருடம் வைத்திருப்போம். எது தொல்லை கொடுக்காது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு எர்டிகாதான். ஓட்டம் வேறாக இருந்தால் பதிலும் மாறும் என்பதால், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த கம்பெனி வண்டி உழைக்கும் என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. கேரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1.5 பெட்ரோல் மேனுவலும் வந்தது, நீங்கள் பார்த்திருக்கும் 1.4 டர்போ டிசிடியும் வந்தது. மேலே பெயர்ப்பலகை ஒன்று. பழுது என்று வரும்போது இரண்டும் வேறு வேறு வண்டிகள். எஞ்சின், கியர்பாக்ஸ், தயாரான மாதம், இதுவரை யார் எப்படி ஓட்டினார்கள் என்ற நான்கையும் வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

கிறிஸ்டாவுக்கு ஊரே சாட்சி சொல்லும். "டிராவல்ஸ் வண்டி நாலு லட்சம் ஓடிருச்சு சார், எஞ்சினைத் தொடவே இல்லை" என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். லாரி போல தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்த பாடி, பின்சக்கர இழுவை. பழைய 2.5 இன்னோவாவில் இருந்த டைமிங் பெல்ட்டுக்குப் பதில் 2.4-இல் செயின் வந்துவிட்டது. ஆனால் அந்த டிராவல்ஸ் வண்டி தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஹைவேயில் ஓடுகிறது. எஞ்சின் முழுச் சூட்டிலேயே இருக்கும். அதுதான் பிழைப்பு என்பதால் ஆயில் மாற்றுவதும் தள்ளிப்போகாது. உங்கள் வண்டியோ பள்ளிக்கூடம், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் போய் அணையும். டீசல் எஞ்சினுக்கு இது ஆகாது. சூடேறுவதற்குள் அணைத்தால் இஜிஆர் வால்விலும் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) இன்டேக் மேனிஃபோல்டிலும் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) கரி சேரும். 2017 வண்டி பி.எஸ்.4 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது என்பதால் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி அதில் இல்லை, அதுவரை தப்பித்தீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் அதுவும் உண்டு. அதில் சேரும் கரி எரிய அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்டியாக வேண்டும்.

அடுத்தது கணக்கு. மாதம் 800 என்றால் ஏழு வருடத்தில் 67,200 கி.மீ. கிறிஸ்டாவின் மீட்டர் 2 லட்சத்தைத் தாண்டும். எஞ்சின் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், பின் ஏ.சி. கூலிங் காயில் எல்லாம் கைவைக்கச் சொல்வது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான். வண்டி நடுவழியில் நிற்காது என்பதும், செலவு வைக்காது என்பதும் ஒன்றல்ல. விற்பவர்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்து விற்றுவிடுவார்கள். மாதம் 2,000 கி.மீ., பெரும்பாலும் ஹைவே, பெரியவர்களே ஏழு பேர் என்றால் கிறிஸ்டாவைத்தான் சொல்லியிருப்பேன்.

கேரன்ஸ் ஓட்ட இதமான வண்டி. என் தயக்கமெல்லாம் அந்த டிசிடி மேல்தான். 1.4 டர்போவுடன் வரும் 7 ஸ்பீடு டிசிடியில் இருப்பது ஆயிலில் நனையாத இரட்டைக் கிளட்ச். ஹைவேயில் அதற்குக் குறை சொல்ல முடியாது. சீசன் சனிக்கிழமையில் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது, ஆறு பேரும் சாமானுமாக, முன்னால் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடாகும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையை ஆயில் செய்துவிடும். நிறுவனத்தின் 3 வருட வாரண்டியும் 2022 வண்டிக்கு முடிந்திருக்கும். முதல் உரிமையாளர் நீட்டிப்பு வாரண்டி எடுத்து, அது இன்னும் ஓடினால் மட்டும் யோசிக்கலாம். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து நெரிசலில் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு கியரில் உதறினால் திரும்பிவிடுங்கள்.

கேரன்ஸுக்கு 2022-இல் ஏர்பேக் கன்ட்ரோல் மென்பொருளுக்காகவும், 2023-இல் டாஷ்போர்டு மீட்டர் மென்பொருளுக்காகவும் ரீகால் வந்தது, அதாவது குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ரீகால் வந்ததாலேயே மட்டமான வண்டி என்று முடிவு கட்ட வேண்டாம். இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். இந்த வண்டிக்குச் செய்து முடித்தார்களா என்று சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

எர்டிகாவிலும் அதே கதை உண்டு. 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக (பேட்டரியை சார்ஜ் செய்து, எஞ்சினுக்கும் கைகொடுக்கும் மோட்டார்) திரும்ப அழைத்தது. எர்டிகாவும் அதில் சேர்த்தி. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை அவை. "உங்களுடையது 2021 ஆச்சே" என்று விற்பவர் சொல்வார். 2021-இல் பதிவான வண்டி 2020-இல் தயாராகியிருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் இருக்கும், பாருங்கள்.

மற்றபடி அதன் 1.5 பெட்ரோல் எஞ்சினில் டர்போ இல்லை, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. சாதாரண 5 கியர் மேனுவல். கெட்டுப்போக விலையுயர்ந்த சாமான் அதில் குறைவு; கெட்டாலும் திண்டுக்கல்லிலேயே பார்க்க ஆள் இருக்கும். குறையும் இருக்கிறது. ஆறு பேருடன் ஏ.சி. போட்டு மலையேறினால் இழுவை பத்தாமல் இரண்டாவது கியரிலேயே கிடக்கும். வருடத்துக்கு மூன்று தடவைதானே, பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு வேறு விஷயம். 2019-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எர்டிகாவுக்குக் கிடைத்தது மூன்று நட்சத்திரம். 2022-இல் கேரன்ஸுக்கும் அதே மூன்றுதான்.

எர்டிகா வாங்கும்போது ஓன் போர்டாகவே இருந்ததா, டி போர்டில் ஓடி மாற்றியதா என்று பாருங்கள். பெயின்ட்டும் நம்பர் பிளேட்டும் காட்டிக்கொடுக்காது. முதல் வருடத்திலிருந்து எல்லா இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். வாடகை வண்டிக்கு எடுத்த பாலிசி என்றால் அதிலேயே எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தைத் தர மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டாம். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரையும் வரிசையாகப் பாருங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே சிக்கும்.

இன்னொன்று வெள்ளம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் மூன்றாவது வாரம் தூத்துக்குடி, திருநெல்வேலியும் தண்ணீரில் கிடந்தன. அப்போது அந்த ஊர்களில் இருந்த வண்டி என்றால் அந்த மாதத்து கிளெய்ம் எதுவும் உண்டா என்று விசாரியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அடியில் இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் இடம், சீட் தண்டவாளத்தில் துரு, இவற்றையும் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசைவரை ஏ.சி. குளிர்கிறதா என்று பின்னால் உட்கார்ந்தே பார்த்துவிடுங்கள்.

இந்த எர்டிகா தேறாவிட்டால் கிறிஸ்டாவுக்குத் தாவ வேண்டாம். உங்கள் வீட்டில் ஆறு பேர்தானே? 2019-இல் வந்த மாருதி எக்ஸ்எல்6 ஆறு பேருக்கான வண்டி. அதே காலத்து எர்டிகாவின் எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் அதில். நடுவரிசையில் தனித்தனி சீட் என்பதால் பிள்ளைகள் பின்னால் ஏறி இறங்குவதும் சுலபம். ரீகால் மட்டும் அதற்கும் வந்திருக்கிறது, தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.