10 மீட்டர் டெலஸ்கோப் ஆன்டெனா கம்பத்துக்கு ஸ்டே கயிறு எப்படிக் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது?

டெலஸ்கோப் கம்பம் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனது; ஸ்டே கயிறு அது சாயாமல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பது. ஒரு மட்டத்துக்கு மூன்று கயிறு, 120 டிகிரி இடைவெளியில். 10 மீட்டர் கம்பத்துக்கு நடுவில் ஒன்று, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒன்று என இரண்டு மட்டம் வேண்டும். கயிற்றைத் தரையில் கட்டும் முளைகள் கம்பத்தின் அடியிலிருந்து 6 முதல் 8 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கிட்டே அடித்தால் கயிறு செங்குத்தாகி, கம்பத்தைப் பிடிப்பதற்குப் பதில் கீழே அமுக்கும்.

பலர் சறுக்குவது கயிறு கட்டும் இடத்தில்தான். மெல்லிய மேல்குழாயின் நடுவில் கட்டாதீர்கள். இழுவை முழுக்க இணைப்புக் கிளாம்ப் மேல் விழுந்து, குழாய் மெல்ல உள்ளே இறங்கிவிடும். மேல்குழாயில் ஒரு வளையத்தைக் கோத்து, அது கீழ்க்குழாயின் விளிம்பில் உட்காரும்படி விட்டு, கயிற்றை அதில் கட்டுங்கள். அமுக்கம் கீழ்க்குழாய்க்குப் போய்விடும். கம்பத்தைத் திருப்பவும் வசதி.

பாலியெஸ்டர் கயிறே நல்லது. நைலான் நனைந்தால் நீளும். கீழ் மட்டத்தை முதலில் இறுக்கி, கம்பம் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள். கயிறு தொய்வில்லாமல் நின்றால் போதும். வீணைத் தந்திபோல முறுக்கினால் கம்பம் நடுவில் வளையும்.

மின்கம்பி இருந்தால், கம்பம் முழு நீளத்துக்குச் சாய்ந்தாலும் தொடாத தூரத்தில்தான் நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.