பெயருக்கு ஐந்து சதவீதம்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். என் மனைவியின் கட்டுமான நிறுவனத்துக்கு டி.பி.இ. (பின்தங்கியோர் தொழில் நிறுவனம்) சான்றிதழ் உண்டு. நிர்வாகம் முழுவதையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டாட்சி அரசின் நெடுஞ்சாலை நிதியில் நகராட்சி போடும் சாலையில் மழைநீர்க் குழாய் வாங்கிப் பதிக்க 4 லட்சம் டாலருக்குத் துணை ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் குழாயை முதன்மை ஒப்பந்ததாரரே விலை பேசி வாங்கி, தன் ஆட்களைக் கொண்டே பதிக்கிறார். பில் மட்டும் எங்கள் லெட்டர்ஹெட்டில் போகிறது. எங்களுக்கு 5 சதவீதம். முதல் பில் போய்விட்டது. இதில் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. இரண்டாவது பில்லில் உங்கள் மனைவி கையெழுத்திடக் கூடாது.

போக்குவரத்துத் துறை விதிகளின்படி, பொருளின் விலையைப் பேசுவது, தரத்தையும் அளவையும் முடிவு செய்வது, ஆர்டர் கொடுப்பது, பணம் கட்டுவது ஆகியவற்றைச் சான்றிதழ் பெற்ற நிறுவனமே செய்து, வேலையையும் தானே நடத்தி மேற்பார்வையிட்டால்தான் இத்தகைய நிறுவனங்களுக்கு இவ்வளவு பங்கு என்று நகராட்சி வைக்கும் இலக்கில் அந்தத் தொகை சேரும். தன் சொந்த ஆட்களைக் கொண்டு ஒப்பந்த மதிப்பில் 30 சதவீதத்துக்கும் குறைவாகச் செய்தால், உண்மையான பங்களிப்பு இல்லை என்றே அனுமானிக்கப்படும். குழாய்களை இருப்பில் வைத்து விற்கும் முறையான வியாபாரியாக இருந்தால்கூடப் பொருள் விலையில் 60 சதவீதமே கணக்கில் வரும். பணம் கைமாறுவதற்காக மட்டும் நடுவில் நிற்பவருக்குக் கிடைக்கும் கணக்கு பூஜ்யம்.

பென்சில்வேனியாவில் இதே ஏற்பாடு 15 ஆண்டுகள் நடந்தது. பாலப் பணியை உண்மையில் செய்த நிறுவனத்தின் ஊழியர்கள் சான்றிதழ் நிறுவனத்தின் விசிட்டிங் கார்டை வைத்துக்கொண்டார்கள். லாரியின் கதவில் இருந்த சொந்தச் சின்னத்தை அந்த நிறுவனத்தின் காந்தப் பலகையால் மூடினார்கள். 13.6 கோடி டாலர் மதிப்புள்ள அந்த மோசடியில் சிறைத் தண்டனையும் விழுந்தது.

நகராட்சியிடம் பில் வைத்தது முதன்மை ஒப்பந்ததாரர்தானே என்ற வாதம் எடுபடாது. பொய்க் கோரிக்கைச் சட்டம் பொய்யான கோரிக்கைக்குக் காரணமானவரையும் பிடிக்கிறது. இழப்பில் மூன்று மடங்கு வரை வசூலிக்கிறது. விவரம் தெரிந்த 30 நாளுக்குள், விசாரணை தொடங்கும் முன், தாமே முன்வந்து முழுமையாகத் தெரிவித்து ஒத்துழைப்பவருக்கு நீதிமன்றம் அதை இரண்டு மடங்காகக் குறைக்கலாம். ஆகவே காலண்டரைப் பாருங்கள்.

2025 அக்டோபர் 3 முதல், பெண் என்பதாலோ இந்திய வம்சாவளி என்பதாலோ பின்தங்கியவர் என்று அனுமானிக்கும் முறை நீங்கிவிட்டது. ஒவ்வொருவரும் தம் நிலையைத் தனித்தனியே நிறுவ வேண்டும். சான்றிதழ் பெற்ற நிறுவனங்களை மாநிலம் மறுமதிப்பீடு செய்து முடிக்கும்வரை புதிய ஒப்பந்தங்களில் இலக்கு வைக்கவும் முடியாது. ஆனால் ஏற்கெனவே போன பில்லை இது துடைத்துவிடாது.

முதன்மை ஒப்பந்ததாரருக்கும் இந்தக் குறுக்கு வழி தேவைப்பட்டிருக்காது என்பதுதான் வேடிக்கை. இலக்கை எட்ட முடியாவிட்டாலும், உண்மையாக முயன்றதை ஆவணங்களோடு காட்டினால் நகராட்சி ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம்.

இந்த வாரமே கூட்டாட்சி வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவர் ஆலோசனைப்படி, வேலையை உண்மையாகவே எடுத்துச் செய்யுங்கள். இயலாவிட்டால் விலகுவதாக நகராட்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இன்னொரு உறுத்தல்: 51 சதவீத உரிமை மட்டுமன்றி நிறுவனத்தின் கட்டுப்பாடும் உங்கள் மனைவியிடம் இருந்தாக வேண்டும். இந்தக் கேள்வியை அவர் எழுதாமல் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞரைப் பார்க்க அவரே போகட்டும்.