அந்த ‘வெறும்’ எதற்கு?

கேள்வி: பழைய ஜப்பானிய பாப் பாடல்களைப் பற்றிப் படித்தால் மிட்சுவோ ஹகிதா என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. மெட்டுப் போட்டவர்கள் வேறு ஆட்கள். இவர் வெறும் அரேஞ்சர்தானே, அதாவது மெட்டுக்கு வாத்திய இசை எழுதுபவர்; இவ்வளவு கொண்டாட்டம் ஏன்?

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு ஆகாத ஒரே சொல் ‘வெறும்’. அதோடு எனக்குப் பல வருடச் சண்டை.

1979-இல் வந்த ‘இஹோஜின்’ பாட்டைக் கேளுங்கள். எழுதி, மெட்டமைத்துப் பாடியவர் சாகி குபோதா. டோக்கியோவின் புறநகரான குனிதாச்சியில் பார்த்த காட்சியிலிருந்து பிறந்த பாட்டு. முதலில் வைத்த பெயர் ‘வெள்ளைக் காலை’. தயாரிப்பாளர் மசதோஷி சகாய் பெயரை மாற்றி, ‘பட்டுப்பாதை’ என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். பெயரை மாற்றினால் பாட்டு மாறிவிடுமா? ஹகிதா டல்சிமரைக் கொண்டுவந்தார். நம் சந்தூர் போலத் தட்டி வாசிக்கும் தந்திக்கருவி அது. குனிதாச்சி மறைந்து மத்திய ஆசியா வந்துவிட்டது. பத்து லட்சம் தட்டுக்கு மேல் விற்றது.

1946-இல் பிறந்த ஹகிதா பொறியியல் படித்தவர். பாடகிகள் மொமொஎ யமகுச்சியின் ‘பிளேபேக் பார்ட் 2’, அகினா நகமோரியின் ‘ஷோஜோ ஏ’ எல்லாம் அவர் கைவண்ணம். பாடகி ஹிரோமி ஓட்டாவின் ‘மொமென் நோ ஹன்காச்சீஃபு’வை இசையமைப்பாளர் கியோஹெய் ட்சுட்சுமியோடு சேர்ந்து அமைத்தார். ஒரே மெட்டு நான்கு முறை திரும்பும் பாட்டு அது. சலிக்காமல் நம்மை உட்கார வைப்பது யார் வேலை?

அந்தக் காலத்து வேலை முறையைச் சொல்கிறேன். அரேஞ்சர் கையில் கிடைப்பது மெட்டு, பாடுபவரின் சுருதி, ரெக்கார்டிங் தேதி. அவர் ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பு, எழுதுவார். பிரதியெடுப்பவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் எழுதுவார். கலைஞர்கள் ஒத்திகை இல்லாமல் தாளைப் பார்த்தே வாசிப்பார்கள். முதலில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ. அதன்மேல் வயலின் கூட்டம். ‘6-4-2-2’ என்றால் முதல் வயலின் 6, இரண்டாம் வயலின் 4, வியோலா 2, செல்லோ 2. குரல் கடைசியில்.

கோளாறு வருவது பெரும்பாலும் சுருதியில்தான். ஸ்டூடியோவுக்கு வந்தபின் பாடகி “ஒரு கட்டை குறையுங்கள்” என்றால் கிட்டார்காரர் சமாளிப்பார். வயலினுக்கு வழியில்லை. அதன் அடித்தந்தி ‘ஜி’. அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது. அடியில் ஓடும் வரியைப் புதிதாக எழுதியாக வேண்டும். டிரம்பெட் பொதுவாகத் தாளில் உள்ளதைவிட ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்தே ஒலிக்கும்; அந்த அளவு ஏற்றி எழுதாவிட்டால் மொத்தக் கூட்டமும் இடிக்கும். வயலின் வரி பாடகியின் குரல் எல்லைக்குள்ளேயே ஓடினால் வார்த்தை அமுங்கிவிடும். அவர் மூச்சு வாங்கும் இடம்தான் வயலினுக்கு உரியது.

இவ்வளவுக்கும் ஜப்பானில் அரேஞ்சருக்குப் பொதுவாக ஒருமுறைக் கூலிதான். பாட்டு ஒலிக்கும்தோறும் ராயல்டி பெரும்பாலும் போவது வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும். இதை அநியாயம் என்றே சொல்வேன்.

ஆனாலும் அங்கே இசைத்தட்டு உறையில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், அரேஞ்சர் என மூன்று பெயரும் அச்சாகும். இன்றைய செயலிகள் பலவற்றில் பாட்டை ஓடவிட்டால் திரையில் தெரிவது பாடகர் பெயர் மட்டுமே. மாதச் சந்தா வாங்குகிறார்களே, மற்ற பெயர்களையும் கண்ணில் படும்படி போடட்டும்.