அண்டாவில் விலாசம் இருக்கிறது

கேள்வி: துப்பறியும் கதைகள் எழுதிய தமிழ்வாணனின் நடை இன்றைய பிள்ளைகளிடம் எடுபடுமா? அகதா கிறிஸ்டியைப் போல, ஒரே மாளிகைக்குள் நடக்கும் கொலைக்கதையை நம் செட்டிநாட்டில் வைத்து எழுத முடியாதா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கானாடுகாத்தானில் இருந்துகொண்டு நீங்களே ‘மாளிகை’ என்று எழுதலாமா ஆச்சி? அது சினிமாக்காரர்கள் பேச்சு. நாள் வாடகைக்கு எடுத்து, முகப்பில் வில்லனை உட்காரவைத்து, தேக்குத் தூணில் ஆணியடித்துவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நமக்கு அது வீடு. பங்கு பிரியாத வீடு.

கொலைக்கு நோக்கம் தேடி அலைய வேண்டாம் என்பது அதிலேயே தெரிகிறது. ஓடு ஒழுகினால் மாற்றப் பதினெட்டுப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். பதினேழு பேர் சம்மதித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அந்தப் பதினெட்டாவது ஆள்தான் பிணம். தப்பி ஓடவும் வசதி உண்டு. முகப்பு ஒரு தெருவில், மூன்றாம் கட்டுக் கொல்லைக் கதவு அடுத்த தெருவில். சிக்கல் ஆயுதத்தில்தான் வரும். நம் வீட்டில் அண்டா, குண்டான், கரண்டி எதை எடுத்தாலும் விலாசம், அதாவது குடும்பத் தலைப்பெழுத்து, வெட்டியிருக்கும். மண்டையில் அடித்த குத்துவிளக்கிலேயே மூன்று தலைமுறைத் தலைப்பெழுத்து இருந்தால் துப்பறிகிறவருக்கு என்ன வேலை? ஆனால் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் விலாசம் ஒன்றே. பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயரை வைக்கும் வழக்கத்தால் பெயரும் ஒன்றாகிவிடும். ‘ராமநாதனைக் கைது செய்யுங்கள்’ என்றால் வளவு என்கிற உள்முற்றத்தில் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள்.

தமிழ்வாணனே தேவகோட்டை ராமநாதன்தான். பெயரை மாற்றிவைத்தவர் திரு.வி.க. அடையாளக் குழப்பத்தோடு துப்பறியும் கதைத் தொழிலில் இறங்க முடியாது என்று அந்தப் பெரியவருக்குத் தோன்றியதோ என்னவோ! பிறகு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வந்து சேர்ந்தன. குழப்பம் அடியோடு தீர்ந்தது.

நடையைக் கேட்டீர்கள். சின்னச் சின்ன வாக்கியம், ஆங்கிலம் கலக்காத தமிழ், தலைக்கு மேல் ஆபத்து நின்றாலும் தேநீரை விடாத துப்பறிவாளர் சங்கர்லால். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனையும் கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போன நடை அது. இன்றைய பிள்ளைகளுக்குச் சங்கர்லால் பழையவராகத் தெரியலாம், அந்தத் தமிழ் கடினமாகத் தெரியாது. புதிர் என்று பார்த்தால் அவை பலவீனமானவை என்பேன். யார் செய்தது என்பதைவிட, சங்கர்லால் எப்படித் தப்பினார் என்பதில்தான் தமிழ்வாணனுக்கு ருசி. ‘துணிவே துணை’ என்று பத்திரிகையில் போட்டுக்கொண்டவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அவர் ஆசிரியராக இருந்த ‘கல்கண்டு’ இதழின் கேள்வி-பதிலில் நறுக்கென்று முடிப்பார். அந்தக் கட்டுப்பாடு எனக்குக் கிடையாது.

கிறிஸ்டியின் வழி வேறு. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து விஷங்களைப் பழகிக்கொண்டவர் அந்த அம்மாள். 1920-இல் வந்த முதல் நாவலிலேயே அந்தப் படிப்பைப் பயன்படுத்திவிட்டார். தமிழ்வாணன் பிறந்த 1926-இல் வெளிவந்த ரோஜர் அக்ராய்டு கதையின் முடிவுக்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. ஆனால், தடயம் அத்தனையும் கண்ணெதிரே பரப்பித்தான் வைத்திருந்தார். பார்க்காதது நம் குற்றம். இங்கே நம் தொடர்கதைக்காரர்கள் செய்வது பச்சை மோசடி. முப்பது வாரம் ஐந்து பேரைச் சந்தேகப்பட வைத்துவிட்டு, முப்பத்தோராவது வாரம் ஆறாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இதை முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்கு ஒரு தொடர்கதைக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு உண்மையான தடை, சந்தேகப்பட ஆள் இல்லாததுதான். வருடம் முழுக்க வீட்டில் இருப்பவர் காவல்காரர் ஒருவர். கல்யாணத்துக்கும், முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கும்தான் எல்லோரும் கூடுகிறார்கள். ஆகவே படைப்பு வீட்டில் கொலையை வையுங்கள். விளக்கைச் சீக்கிரம் கைப்பற்றச் சொல்லுங்கள். தாமதித்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் விலைபேசித்தான் மீட்க வேண்டியிருக்கும்.

எழுதினால் முதலில் எனக்கு அனுப்புங்கள். கொலைகாரன் மட்டும் கடைசி அத்தியாயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கக் கூடாது.